உடலை அச்சிட ஒரு தாள்: இல்ஃபோர்டு மல்டிகிரேடு எஃப்.பி. கிளாசிக்

கறுப்பு வெள்ளையில் மனித உடலைப் படமெடுத்து, அதையே தொழிலாகக் கொள்ளும் கலைஞர் கடைசியில் விற்பது ஒரு தாளைத்தான். கேமராவையும் லென்ஸையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வாங்க வருகிறவர் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பது பிரிண்ட்டை. அதனால் இந்தத் துறையில் காலெடுத்து வைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தத் தாள் என்பதை. இன்று கடையில் கிடைக்கும் ஃபைபர் (பிளாஸ்டிக் பூச்சில்லாத காகித) தாள்களில், உடல் படங்களுக்கு நான் முதலிடம் தருவது இல்ஃபோர்டின் மல்டிகிரேடு எஃப்.பி. கிளாசிக், பளபளப்பு ரகம், 1கே. குறைகள் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

தாளின் அமைப்பு எளிது. கெட்டியான காகிதம், அதன்மேல் பேரியம் சல்பேட் பூச்சு, அதன்மேல் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின். ஒரே பெட்டித் தாளில், வண்ண ஃபில்டர்களை வைத்து 00 (மிக மென்மை) முதல் 5 (மிகக் கடுமை) வரை கான்ட்ராஸ்ட்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை, மாற்றலாம். அரைப்படிகளையும் சேர்த்து 12 ஃபில்டர்கள். பளபளப்பு ரகம் என்றாலும் காற்றில் உலர்த்தினால் கண்ணாடி மாதிரி மின்னாது, மெல்லிய மினுக்கம் மட்டுமே இருக்கும். பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. தாளின் மினுக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். படத்தின் நிறம் நடுநிலை, துளி குளிர்ச்சிப் பக்கம், அதாவது நீலச் சாயல்.

உடல் படத்தில் தாளுக்கு என்ன வேலை? நிலக்காட்சியில் வானம், பாறை, மரம் என்று சாம்பல் நிறங்கள் தாமாகவே விலகி நிற்கும். உடலில் அப்படியில்லை. முதுகு முழுவதும் ஒரே தோல், ஒரே நிறம். தோள்பட்டை எலும்பு எங்கே எழுகிறது, முதுகுத்தண்டின் பள்ளம் எங்கே இறங்குகிறது என்பதை நடுச் சாம்பலின் மிகச் சின்ன வேறுபாடுகள்தான் காட்டும். அந்த வேறுபாடுகளைத் தாள் நசுக்கிவிட்டால் முதுகு தட்டையான பலகையாகிவிடும். இந்தத் தாளின் பலம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. 2, 2½ ஃபில்டர்களில் தோலின் வெளிச்சப் பக்கத்திலிருந்து நிழல் பக்கத்துக்குப் போகும் வழி முழுக்க, எந்த இடத்திலும் படி விழாமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1936-இல் சாண்டா மோனிகா வீட்டு வாசலில் தம் மாடலும் துணையுமான சாரிஸ் வில்சனை எடுத்த படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலை குனிந்திருக்கும், கைகள் மடக்கிய காலைச் சுற்றியிருக்கும், பின்னால் இருட்டு. 8×10 அங்குல நெகட்டிவ்வைத் தாளோடு ஒட்டிவைத்து, பெரிதாக்காமல் எடுத்த நேரடி கான்டாக்ட் பிரிண்ட். வலது கையின்மேல் விழுந்த நிழல் வெஸ்டனுக்குக் கடைசிவரை திருப்தி தரவில்லை என்று சாரிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகம் கொண்டாடிய ஒரு படத்தில், அதை எடுத்தவரை உறுத்தியது ஒரு கையின் நிழல். உடல் படத்தை அச்சிடுகிறவர்களுக்கு எப்போதுமே சிக்கல் இந்த அளவுக்குச் சின்ன இடத்தில்தான். அப்படிப்பட்ட நிழலை இன்று என்லார்ஜரில் (நெகட்டிவ்வைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) கையாள்வது கடினமல்ல. மெல்லிய கம்பியின் நுனியில் கட்டைவிரல் அகல அட்டையை ஒட்டி, மொத்த நேரத்தில் 10 முதல் 15 சதவீதம்வரை அந்த இடத்தை மறைத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கை உடம்பிலிருந்து பிரிந்து ஒட்டவைத்தது போல் தெரியும். கம்பியை அசைக்காமல் பிடித்தால் அதன் நிழலே வெள்ளைக் கோடாக விழும்.

பக்கவாட்டு வெளிச்சம், கறுப்புப் பின்னணி, இந்தத் துறையில் அடிக்கடி வரும் அமைப்பு. அதற்கு இரண்டு ஃபில்டர் முறை இந்தத் தாளில் நன்றாக வேலை செய்கிறது. முதலில் 00 ஃபில்டரை மட்டும் வைத்து மூன்று மூன்று விநாடியாக டெஸ்ட் ஸ்ட்ரிப் (நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கும் சோதனைத் துண்டு) எடுக்க வேண்டும். பார்க்க வேண்டியது தோலின் மிக வெளிச்சமான இடத்தை, அதாவது தோள் முனையையோ இடுப்பெலும்பு மேட்டையோ. அந்த இடம் வெறும் தாளின் வெள்ளையிலிருந்து மயிரிழை வேறுபட்டு, லேசாக நிறம் பிடிக்கும் நேரம் எதுவோ அதுதான் 00-க்கான நேரம். அந்த நேரத்தை முழு ஸ்ட்ரிப்புக்கும் கொடுத்துவிட்டு, அதன்மேல் 5 ஃபில்டரை வைத்து மறுபடி மூன்று விநாடிப் படிகள். இப்போது பார்க்க வேண்டியது அக்குளின் நிழல், முழங்காலுக்குப் பின்புறம் போன்ற இடங்கள். பின்னணி முழுக் கறுப்பாகி, ஆனால் உடலின் நிழல் ஓரம் அந்தக் கறுப்பில் கரைந்துபோவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். இந்த முறையின் பயன் வேகம் மட்டுமல்ல. தோளை வெளுக்க 00 வெளிச்சத்தில் மறைக்கலாம், நிழலைத் திறக்க 5 வெளிச்சத்தில் மறைக்கலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது.

ஒற்றை ஃபில்டரில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 00 முதல் 3½ வரை ஃபில்டர் மாற்றினாலும் வெளிச்ச நேரம் ஏறக்குறைய மாறாது. 4, 4½, 5-க்கு நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இதை மறந்தவர்கள் 4-இல் வெளுத்த பிரிண்ட்டைப் பார்த்து, தாள் பழசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மேற்கத்திய கையேடுகளை அப்படியே பின்பற்றும் நம்மவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. முழுக் கறுப்பை 0, நடுச் சாம்பலை 5 என்று எண்ணும் மண்டல முறையில், வெள்ளைத் தோலை ஆறாவது மண்டலத்தில் வை, அதாவது மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக (இரு மடங்காக) வெளிச்சம் கொடு என்று அவை சொல்லும். நம் ஊர் மாநிறத் தோலுக்கு அது பொருந்தாது. தோலில் நேராக அளந்து அதை ஐந்தில், ஆழ்ந்த கறுப்பு நிறத்தை நான்கில் வைத்தாலே போதும். கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன்மேல் விழும் பளிச்சிடும் ஒளிக்கோடுகள்தான். தோலை வெளுக்கவைத்தால் அந்தக் கோடுகள் தோலோடு கலந்துவிடும். இந்தத் தாளில் மாநிறத் தோலுக்கு 2½, ஆழ்ந்த நிறத்துக்கு 3 ஃபில்டரிலிருந்து தொடங்கலாம். நெகட்டிவ்வில் நிழல் விவரம் போதுமான அளவு இருந்தால் மட்டும். இல்லையென்றால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

முரட்டு கான்ட்ராஸ்ட் வேண்டுபவர்களுக்கும் இதே பெட்டி போதும். பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் பில் பிராண்ட்டின் தொழில் வாழ்க்கை இதற்கு நல்ல பாடம். 1940-களில் பழைய கோடாக் கேமராவின் அகலக்கோண லென்ஸில் அவர் எடுக்கத் தொடங்கிய நிர்வாணப் படங்களில் கையும் காலும் அறையைவிடப் பெரிதாக நீளும். பின்னாளில் தம் நெகட்டிவ்களை முன்பைவிட மிகக் கடுமையான கறுப்பு வெள்ளையாக அச்சிடப் போனார். முன்பு சாம்பலாக இருந்த இடங்கள் சுத்த வெள்ளையாகவும் சுத்தக் கறுப்பாகவும் பிரிந்தன. ஒரே நெகட்டிவ்வுக்குக் கலைஞரின் இரண்டு வயது இரண்டு முகம் கொடுக்கிறது. ஒரே கான்ட்ராஸ்ட் மட்டும் தரும் நிலையான கிரேடுத் தாள்கள் மட்டும் இருந்தால் இதற்குத் தனித்தனிப் பெட்டி வாங்க வேண்டியிருக்கும். இங்கே 2-க்கும் 4½-க்கும் நடுவே ஒரு ஃபில்டர் மாற்றம்தான். ஆனால் 4½-இல் இந்தத் தாள் ஈவிரக்கமற்றது. நெகட்டிவ்வின் தூசி, கீறல், தோலின் ஒவ்வொரு தழும்பும் முன்னால் வந்து நிற்கும். சிறிய வடிவ ஃபிலிமானால் கிரெய்னும் (ஃபிலிமின் வெள்ளித் துகள்கள்) சேர்ந்துகொள்ளும்.

ஈரத்தில் பார்க்கும் பிரிண்ட்டை நம்பக் கூடாது. ஃபைபர் தாள் உலரும்போது கறுக்கும், இதுவும் கறுக்கும். நிலக்காட்சியில் யாரும் கவனிக்க மாட்டார்கள். உடல் படத்தில் ஈரத்தில் ஒளிர்ந்த தோல் காய்ந்ததும் அழுக்குப் படிந்தாற்போல் ஆகிவிடும். வெளிச்சத்தை 5 முதல் 10 சதவீதம் குறைத்து அச்சிட வேண்டும். துல்லியமாகத் தெரிந்துகொள்ள, நல்ல பிரிண்ட்டின் துண்டு ஒன்றை மைக்ரோவேவில் உலர்த்தி, அதன் பக்கத்தில் ஈரத் துண்டை வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் டெவலப்பர், உங்கள் விளக்குக்கான எண் கிடைத்துவிடும்.

இருட்டறையின் பாதுகாப்பு விளக்கும் இதேபோல் சத்தமில்லாமல் கெடுக்கும். வெறும் தாளின்மேல் நாணயம் வைத்து சோதிப்பது போதாது. விளக்கால் தாளில் படியும் மங்கல், ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சம் வாங்கிய தாளில்தான் முதலில் தெரியும். என்லார்ஜரில் மெல்லிய சாம்பல் வரும் அளவுக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டு, அதன்மேல் நாணயம் வைத்து, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் நேரம் முழுக்க விளக்கடியில் விடுங்கள். டெவலப் செய்ததும் நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கைத் தள்ளிவைக்க வேண்டும். தோலின் வெளிச்சப் பகுதிகள் காரணமின்றி மந்தமாக இருக்கிறது என்று தவிப்பவர்களில் பலருக்கு மருந்து இதுதான்.

இனி ரசாயனம். மல்டிகிரேடு டெவலப்பர் 1+9 (ஒரு பங்கு டெவலப்பர், ஒன்பது பங்கு நீர்), 20 டிகிரியில் 2 நிமிடம். படம் போதுமான கறுப்பு வந்துவிட்டது என்று பாதியில் எடுக்காதீர்கள். நடுச் சாம்பல் திட்டுத்திட்டாகி, தோலில் அது மேகம் படர்ந்த மாதிரி தெரியும். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் 10 விநாடி. படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் விஷயத்தில் இல்ஃபோர்டு சொல்லும் முறை பழைய ஹைப்போ (மெதுவாக வேலை செய்யும் ஃபிக்ஸர்) பழக்கத்துக்கு நேர்மாறானது, ஆனால் சரியானது. ரேபிட் ஃபிக்ஸரை 1+4 என்று கெட்டியாகக் கலந்து ஒரே நிமிடம். ஓடும் நீரில் 5 நிமிடம். ஃபிக்ஸரைக் கழுவி நீக்க உதவும் வாஷ்எய்ட் 1+4-இல் 10 நிமிடம். மறுபடி ஓடும் நீரில் 5 நிமிடம். காரணம் எளிது. ஃபிக்ஸர் ஜெலட்டினில் தன் வேலையை விரைவாக முடித்துவிடும். அதற்குமேல் கிடந்தால் காகித நாருக்குள் இறங்கும். நாருக்குள் போனதைக் கழுவி எடுக்கத்தான் மணிக்கணக்கில் நீர் தேவைப்படுகிறது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊர்களில் இந்த மிச்சம் சின்ன விஷயமல்ல.

ஆனால் இந்த ஒரு நிமிடக் கணக்கு, ஃபிக்ஸர் புதிதாக இருந்தால்தான் செல்லும். நிரந்தரப் பாதுகாப்பு வேண்டும் என்றால் ஒரு லிட்டருக்கு சுமார் பத்து 8×10 தாள், அவ்வளவே. சிக்கனம் பார்த்து நாற்பது தாள்வரை ஓட்டினால், கரையாத வெள்ளிச் சேர்மம் தாளிலேயே தங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. செலினியம் டோனரில் (கறுப்பை ஆழமாக்கும் கரைசல்) போட்டதும் வெளிச்சப் பகுதிகளில் மஞ்சளோ இளஞ்சிவப்போ கறை எழும், அது போகவே போகாது. விற்பனைக்குப் போகும் பிரிண்ட் எனில் ஓரத்தில் ஒரு சொட்டு சோடியம் சல்ஃபைடு கரைசலை விட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் வந்தால் ஃபிக்ஸிங் போதவில்லை.

செலினியம் இந்தத் தாளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 1+9-இல் மூன்று நான்கு நிமிடம். நிறம் பெரிதாக மாறாமல் கறுப்பு மட்டும் ஒரு படி இறங்கும். கறுப்புப் பின்னணியில் உடல் அப்போது இன்னும் உருண்டு முன்னே வரும். கரைசலைக் கெட்டியாக்கினால் கறுப்பில் பழுப்பும் ஊதாவும் ஏறும். டோனரில் அம்மோனியா நெடி உண்டு, செலினியம் நஞ்சு. கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

தாளின் பெரிய குறை உலரும்போது. சுருளும், ஓரங்கள் அலை அலையாக நெளியும். பெரிய அளவுகளில் இது உண்மையான தலைவலி. வலைத்தட்டில் முகம் கீழாகப் போட்டு மெதுவாக உலர்த்தி, பிறகு இரண்டு அமிலமற்ற அட்டைகளுக்கு நடுவே சூடான அழுத்தியில் வைத்துத் தட்டையாக்கலாம். அழுத்தி இல்லாதவர்களுக்கு ஜன்னல் கண்ணாடி முறை உண்டு. கழுவிய பிரிண்ட்டைத் தடிமனான கண்ணாடியின்மேல் முகம் மேலாகப் பரப்பி, ரப்பர் உருளையால் நீரைத் தள்ளிவிட்டு, நான்கு ஓரங்களிலும் தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித நாடாவை ஒட்ட வேண்டும். தாள் உலரும்போது சுருங்கப் பார்க்கும், நாடா விடாது. மத்தளத் தோல் போல் இழுத்துக்கொண்டு முழுத் தட்டையாகக் காயும். பிறகு நாடாவோடு சேர்த்து ஓரத்தைக் கத்தியால் வெட்டியெடுக்கலாம். இதற்காகவே பிரிண்ட்டைச் சுற்றி இரண்டு அங்குல வெள்ளை ஓரம் விட்டு அச்சிடுங்கள். மின்விசிறியை நேராக அடிக்கவிட்டால் ஒரு பக்கம் முதலில் காய்ந்து நாடா கிழியும்.

சென்னை, மதுரைக் கோடையில் குழாய் நீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் டெவலப்பர் அவசரப்படும், ஜெலட்டின் ஊறி மென்மையாகும், விரல் நகம் பட்டாலே கீறல் விழும். ட்ரேக்களைப் பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் ஐஸ் நீர் விட்டு 20-க்கும் 24-க்கும் நடுவே பிடித்துவையுங்கள். கடைசி அலசலுக்கு வடிகட்டிய நீர் நல்லது, போர்வெல் நீரின் உப்பு கறுப்புப் பகுதிகளில் வெண்புள்ளியாக நிற்கும். தாள் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்துச் சில மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே வியர்க்கும்.

தொழில் என்ற கோணத்தில் இன்னொரு விஷயம், தாளின் ஆயுள். தாளின் உற்பத்தி எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். 2004-இல் இல்ஃபோர்டே திவால் நிர்வாகத்துக்குப் போய், ஊழியர்களாக இருந்த நிர்வாகிகள் வாங்கியதால் 2005-இல் ஹார்மன் டெக்னாலஜியாக மீண்டது. அதே 2005-இல் கோடாக் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பதை நிறுத்தியது. இந்த கிளாசிக் தாளும் முன்பிருந்த மல்டிகிரேடு IV எஃப்.பி.க்கு மாற்றாக வந்ததுதான். பழைய தாளில் 25 பிரிண்ட் என்று எண்ணிட்டு அறிவித்து, ஏழு மட்டும் அச்சிட்டிருந்தவர் எட்டாவதை வேறு தாளில்தான் அச்சிட்டிருக்க முடியும். ஆகையால் எண்ணிட்ட பதிப்பாக விற்பவர்கள், ஒரு பதிப்புக்குத் தேவையான தாளை ஒரே தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்கி, முடிந்தால் முழுவதையும் ஒரே மூச்சில் அச்சிட்டு வைப்பது நல்லது. அது கட்டுப்படியாகாதவர்கள் பதிப்பின் எண்ணிக்கையைக் குறைக்கட்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் அச்சுக் குறிப்பு எழுதிவைக்கவும் வேண்டும்: என்லார்ஜர் உயரம், லென்ஸ் துளை, 00 நேரம், 5 நேரம், எங்கே எத்தனை விநாடி மறைத்தது, எங்கே கூட்டியது, டோனர் அளவு. ஒரு நாள் வேறு கை அச்சிட நேரலாம். வெஸ்டனுக்கு நடுக்குவாத நோய் வந்தபின் அவர் மேற்பார்வையில் மகன் பிரெட் அச்சிட்டார். வெஸ்டன் இறந்த பிறகு இன்னொரு மகன் கோல் அச்சிட்டார். உடல் படங்களுக்குப் பேர்போன ராபர்ட் மேப்பிள்தார்ப்பின் பிரிண்ட்களை அச்சிட்டவர் டாம் பாரில். அந்தக் கைகளுக்கும் குறிப்புகள் தேவைப்பட்டிருக்கும்.

இதே நிறுவனத்தின் மற்ற தாள்கள் எப்படி? வார்ம்டோன் எஃப்.பி. (பழுப்புச் சாயல் தாள்) தோலுக்கு இதமானது என்று பலர் சொல்வார்கள். அழகான தாள்தான், செலினியத்தில் பிரமாதமாக நிறம் மாறும். ஆனால் உடலின் வடிவத்தைப் பார்க்க வந்தவரை நிறத்தின் இதம் திசைதிருப்புகிறது என்பது என் கருத்து. மேலும் வேகம் குறைவு, வெளிச்ச நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆர்ட் 300 பருத்தி நாரில் ஆனது, முட்டை ஓடு போன்ற சொரசொரப்பு. அருகே முகம் வைத்துப் பார்க்கும் சிறிய படங்களில் அந்தச் சொரசொரப்பு தோலின் நுண்விவரத்தோடு சண்டை போடுகிறது. பெரிய, மென்மையான, விவரம் குறைந்த படங்களுக்குச் சரி. கிளாசிக்கின் மேட் ரகமான 5கே-யில் கறுப்பு ஆழம் இறங்காது. கறுப்புப் பின்னணி வைத்து வேலை செய்பவர்கள் அதைத் தவிர்க்கலாம். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல்களோடு வேலை செய்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஆர்.சி. தாள் கான்டாக்ட் ஷீட்டுக்கும் (ஒரு ஃபிலிமின் எல்லாப் படங்களையும் சிறிதாகக் காட்டும் தாள்), மாடலுக்குப் பார்க்கக் கொடுக்கும் நகல்களுக்கும் போதும். விரைவாகக் கழுவலாம், உலர்த்தலாம். சேகரிப்பாளர்கள் ஃபைபரைத்தான் கேட்பார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் 8×10 அளவில் 25 தாள் பெட்டியும் ஃபில்டர் தொகுப்பும் வாங்கினால் போதும். இரண்டு நெகட்டிவ்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த முதுகு, இன்னொன்று சமமான வெளிச்சத்தில் எடுத்த முழு உருவம். டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்காக ஐந்தாறு தாளை அங்குல அகலத் துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி, கறுப்புப் பையில் போட்டு வையுங்கள். இந்த இரண்டு நெகட்டிவ்களும் காய்ந்த பிறகு ஒளிரும் பிரிண்ட்களாக வரும்வரை பெரிய அளவுப் பெட்டிக்குப் பணம் போட வேண்டாம். 16×20-இல் ஒரு தாள் வீணானால், அதே பரப்பில் நான்கு 8×10 வீணானதற்குச் சமம்.